சின்னச் சபைக்குப் புதுப் பொருளாளரா? பெங்களூருவில் காணிக்கைக் கணக்கை ஒழுங்காகத் தொடங்க ஒரு வழிகாட்டி

சபைப் பொருளாளர் பதவிக்கு யாரும் போட்டி போடுவதில்லை. "பிரதர், நீங்க ஐடி கம்பெனிதானே, எக்செல் தெரியும்ல" என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒரு பழைய டைரியும் ரசீதுகள் திணித்த பிளாஸ்டிக் கவரும் உங்கள் கைக்கு வந்து சேரும். லிங்கராஜபுரத்தில் மாடி அறையில் கூடும் முப்பது குடும்பச் சபையானாலும் சரி, ஒயிட்ஃபீல்டு பக்கம் பள்ளி ஹாலை ஞாயிறு மட்டும் வாடகைக்கு எடுக்கும் சபையானாலும் சரி, ஆரம்பம் இப்படித்தான்.

அந்த டைரியை வாங்கிய நாளிலிருந்து என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இதில் வரும் வழிமுறைகள் எல்லாவற்றுக்கும் நோக்கம் ஒன்றுதான்: உங்களை யாரும் நம்பவேண்டிய அவசியமே இல்லாதபடி கணக்கை அமைத்துவிடுவது. "நம்ம சபையில எல்லாரும் நல்லவங்கதானே, இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பார்கள். நல்லவர்மீது வீண்பழி விழாமல் இருக்கத்தான் இதெல்லாம்.

முதல் வாரம்: கணக்கைக் கைமாற்றும்போது

பழையவர் கொடுப்பதை அப்படியே வாங்கி அலமாரியில் வைக்காதீர்கள். அவர், நீங்கள், கமிட்டியில் இன்னொருவர் என்று மூன்று பேர் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: இன்றைய தேதியில் வங்கி இருப்பு எவ்வளவு, கையிருப்பு ரொக்கம் எவ்வளவு, யாருக்குப் பாக்கி, யாரிடமிருந்து வரவேண்டியது, எந்தெந்தப் பத்திரங்கள், ரசீதுப் புத்தகங்களில் பயன்படுத்திய கடைசி எண் எது. மூவரும் கையெழுத்துப் போடுங்கள். பழையவர் மனம் நோகுமோ என்று தயங்கவேண்டாம், அவருக்கும் இதுதான் பாதுகாப்பு.

எஸ்றா எருசலேமுக்குப் புறப்படும்போது வெள்ளியையும் பொன்னையும் ஆசாரியர் பன்னிரண்டு பேரிடம் நிறுத்துக் கொடுத்தான். போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிறுத்துப் பார்த்து எழுதி வைத்தார்கள். வேதாகமத்தில் எஸ்றா 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த ஆசாரியர்களை யாரும் சந்தேகிக்கவில்லை, நிறுப்பது மட்டும் விடுபடவில்லை.

சபை யார் பெயரில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பாதிச் சபைகளில் சரியான பதில் வராது. "பாஸ்டர் பெயரில்" என்பதுதான் பதிலென்றால் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற பெரிய திருச்சபையின் ஓர் அங்கம் என்றால் தனிப் பதிவு தேவைப்படாது. சொத்துகளைச் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் வைத்திருக்கும், கணக்குப் படிவங்களும் தணிக்கை முறையும் பேராயத்திலிருந்து வரும். அதைப் பின்பற்றினால் போதும். இந்தக் கட்டுரையின் ஞாயிறு எண்ணிக்கைப் பகுதிக்கு நேரே தாவிவிடலாம்.

தனிச் சபை என்றால் வழி இரண்டு. அறக்கட்டளைப் பத்திரம் எழுதி சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பதிவது ஒன்று. கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-ன்படி ஏழு பேராவது சேர்ந்து சங்கமாகப் பதிவது இன்னொன்று. சங்கம் என்றால் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டவேண்டும், நிர்வாகிகள் பட்டியலையும் கணக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்யவேண்டும். அறக்கட்டளையில் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதிகாரம் சில அறங்காவலர்களிடம் குவிந்துவிடும். என்னைக் கேட்டால், சபையாருக்கு வாக்குரிமை இருக்கவேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சங்கம்தான் பொருத்தம். அறக்கட்டளையில் பாஸ்டர், பாஸ்டரம்மா, மகன் என்று மூன்று பேர் மட்டும் இருந்தால் அது சட்டப்படி சரியாகவே இருக்கலாம், சபைக்கு அது நல்லதல்ல. மும்பையிலிருந்து மாறி வந்தவர்கள் இங்கே சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தைத் தேடவேண்டாம். அது மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு, கர்நாடகத்தில் அந்த முறை இல்லை.

பதிவு முடிந்ததும் சபையின் பெயரிலேயே பான் எண், அதை வைத்து வங்கிக் கணக்கு. எடுப்பதற்கு இரண்டு பேர் கையெழுத்து, அந்த இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. நெட் பேங்கிங் வாங்கினால் ஒருவர் பதிவிட இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். ஹால் வாடகை ஒப்பந்தமும் சபை பெயரில்தான் இருக்கவேண்டும்.

வருமான வரி விலக்குக்கான பதிவு தனி. 12ஏ என்று பேச்சுவழக்கில் சொல்வது அதைத்தான். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய எண்ணை மனப்பாடம் செய்து பயனில்லை, ஒரு ஆடிட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நன்கொடை கொடுத்தவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மார்ச் மாதம் வந்தால் ஐடி வேலையில் இருக்கும் சபையார் "80ஜி ரசீது கிடைக்குமா?" என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் வழிபாட்டுக்காக இயங்கும் சாதாரணச் சபைக்கு அது கிடைக்காது. கிடைக்கும் என்று யாராவது படிவம் நிரப்பிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கொள்கைகளை எழுதுவது

வரவு செலவுக்கு முன்னால் இது. பிரசங்கத்தில் உக்கிராணத்துவம் (ஒப்படைத்த பொருளைப் பொறுப்பாக நிர்வகிப்பது) என்று கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. லூக்கா 16-ல் எஜமான் உக்கிராணக்காரனிடம் கேட்பதே கணக்கைத்தான். ஆனால் கமிட்டியில் உட்கார்ந்து "நம் சபையின் அடிப்படைக் கொள்கைகள் என்ன?" என்று கேட்டால் அன்பு, ஜெபம், சுவிசேஷம், ஐக்கியம் என்று வரும். எல்லாம் உண்மை. ஆனால் ஜெனரேட்டர் வாங்குவதா, விதவைச் சகோதரியின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதா என்று வரும்போது அந்த நான்கு வார்த்தைகளும் உதவாது.

அதனால் பணத்தைப் பற்றிய கொள்கையை எதையாவது மறுக்கும்படி எழுதுங்கள். இப்படி:

கடன் வாங்கி எந்த விழாவும் நடத்தமாட்டோம். யார் எவ்வளவு கொடுத்தார் என்று சபையில் வாசிக்கமாட்டோம். உதவி பெற்றவர் பெயரை மேடையில் சொல்லமாட்டோம். வருகிற பொதுக் காணிக்கையில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு வெளியே போகும். ஒரு காரியத்துக்கென்று வாங்கிய பணத்தை இன்னொரு காரியத்துக்குத் தொடமாட்டோம். கமிட்டி உறுப்பினர் கடையிலோ அவர் உறவினரிடமோ வாங்கினால், அந்த முடிவு எடுக்கும்போது அவர் வெளியே இருப்பார்.

இரண்டாவது வரிக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும். நம் ஊர்ச் சபைகளில் சந்தாப் பட்டியலைப் பெயரோடு அச்சடித்து வளர்ந்தவர்கள் நாம். சுவர்க் கடிகாரத்தில் மணி எண்களைவிடக் கொடுத்தவர் பெயர் பெரிதாக இருக்கும். "பெயர் போட்டாதான் பிரதர் கொடுப்பாங்க" என்பார் ஒருவர். கொஞ்ச நாள் வரவு குறையவும் செய்யலாம். ஆனால் இந்த நகரத்தில் ஒரே பெஞ்சில் மென்பொருள் மேலாளரும் அவர் அடுக்குமாடியிலேயே செக்யூரிட்டி வேலை பார்ப்பவரும் உட்காருகிறார்கள். ஐந்தாயிரத்தையும் ஐம்பதையும் பெயரோடு வாசித்தால் இரண்டாமவர் அடுத்த வாரம் வேறு சபை தேடுவார். இரண்டு காசு போட்ட விதவையின் பெயர் மாற்கு 12-ல் இல்லை.

எழுதியதைச் சபைக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, தீர்மானப் புத்தகத்தில் ஒட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம்.

முதல் ஞாயிறு: காணிக்கை எண்ணுவது

இதை நிதானமாகப் படியுங்கள். சின்னச் சபைகளில் பணத் தகராறு பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் தொடங்குவதில்லை. ஆராதனை முடிந்து பை மேடையிலிருந்து இறங்கி மேசைக்குப் போகிற அந்த அரைமணி நேரத்தில்தான் தொடங்குகிறது.

பையை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது, பாஸ்டர் உட்பட. ஆசீர்வாதம் கூறியதும் அதே ஹாலில், கதவு திறந்திருக்க, ஒரு மேசையில் கொட்டி எண்ணுங்கள். குறைந்தது இரண்டு பேர். கணவன் மனைவி, அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து எண்ணவேண்டாம். பொருளாளரான நீங்களும் எண்ணாமல் இருப்பது உத்தமம், எண்ணி முடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணுபவர்கள் மாதாமாதம் மாறட்டும். பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒருவர் எப்போதும் இருக்கட்டும். பல சபைகளில் அவர்கள்தான் சில்லறையை இரண்டு தடவை எண்ணுகிறவர்கள்.

எண்ணிக்கைச் சீட்டு ஒன்றைக் கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதுங்கள். ஒரு மாதிரி:

500 ரூபாய் × 14 = 7,000
200 ரூபாய் × 9 = 1,800
100 ரூபாய் × 31 = 3,100
50 ரூபாய் × 22 = 1,100
20 ரூபாய் × 17 = 340
10 ரூபாய் × 46 = 460
நாணயங்கள் = 213
மொத்தம் = 14,013

கீழே தேதி, எண்ணிய இருவர் கையெழுத்து, வாங்கிய உங்கள் கையெழுத்து. ஒரு பிரதி உங்களுக்கு, மற்றொன்று செயலாளருக்கு. மொத்தத்தை மட்டும் எழுதும் சீட்டு பயன்படாது. எந்த நோட்டு எத்தனை என்று இருந்தால்தான் திங்கட்கிழமை வங்கியில் கட்டிய செலானோடு ஒப்பிட முடியும்.

கவர்களைத் தனியாகப் பிரிக்கவேண்டும். தசமபாகக் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கவரில் பெயர் இருந்தால் ரசீது போடுங்கள், தொகை உங்களோடும் எண்ணியவர்களோடும் நிற்கட்டும். "பொருத்தனை" (நேர்ந்துகொண்ட காணிக்கை), "பிறந்தநாள் ஸ்தோத்திரம்" என்று எழுதிய கவர்களைப் பொதுக் காணிக்கையில் சேர்க்கலாம். "கட்டட நிதிக்கு", "மிஷனரிக்கு" என்று எழுதியிருந்தால் அது அந்த நிதிக்குத்தான். சில நேரம் பையில் மோதிரமோ கம்மலோ வரும். அங்கேயே போட்டோ எடுத்து, இருவர் முன்னிலையில் எடை போட்டு எழுதி, லாக்கர் இல்லையென்றால் அந்த வாரமே கமிட்டி முடிவோடு விற்றுப் பணமாக்குங்கள். வீட்டு பீரோவில் வைத்திருக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விதி, இதில் தளர்ச்சி காட்டவே கூடாது: பையிலிருந்து நேரடியாக எந்தச் செலவும் இல்லை. "தண்ணி கேன்காரர் வெளியே நிக்கிறாரு, அதுல ஒரு இருநூறு கொடுங்க" என்பார்கள். கொடுத்தால் சீட்டு ஒன்று சொல்லும், வங்கி இன்னொன்று சொல்லும். முழுத் தொகையும் அப்படியே வங்கிக்குப் போகவேண்டும். சில்லறைச் செலவுக்கு மூவாயிரம் ரூபாய் தனியாக ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு, வவுச்சர் காட்டி மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள்.

இருவர் எண்ணுவது புதுப் பழக்கமல்ல. யோவாஸ் ராஜாவின் 23-ஆம் வருஷம்வரை ஆலயத்தைப் பழுதுபார்க்கவே இல்லை, பணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைத்தான். பெட்டி நிறைந்தபோது ராஜாவின் கணக்கனும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணினார்கள். 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரம். உங்கள் கமிட்டியில் வேதம் நன்றாகத் தெரிந்த ஒருவர் அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தை எடுப்பார்: பணம் வாங்கியவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று இருக்கிறதே என்பார். இருக்கிறது. ஆனால் அது எண்ணி முடிப்புக் கட்டிய பணத்தை வாங்கி வேலையாட்களுக்குக் கொடுத்தவர்களைப் பற்றியது. எண்ணும்போது இரண்டு பேர் இருந்தார்கள். இயேசுவின் சீடர் பன்னிரண்டு பேரில் பணப்பை யூதாஸ் ஒருவனிடம் மட்டும் இருந்த கதையும் யோவான் 12-ல் இருக்கிறது, வேண்டுமென்றால் அதையும் எடுத்துக் காட்டுங்கள்.

ஜிபே, போன்பே

இப்போது பாதிக் காணிக்கை போனில்தான் வருகிறது. யாருடைய எண்ணுக்கு வருகிறது என்று பாருங்கள். பாஸ்டரின் சொந்த எண் என்றால், நிறுத்துங்கள். அவர் நேர்மையைப் பற்றிய பேச்சே இல்லை. அந்தப் பணம் அவருடைய பான் எண்ணில் பதியும் வரவு, நாளைக்கு வருமான வரித்துறை கேட்டால் அது காணிக்கை என்று அவர் ஒவ்வொன்றாக நிரூபிக்கவேண்டும். 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்துப் பெங்களூருவில் டீக்கடை, காய்கறிக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், கடை வாசலில் எல்லாம் "நோ யுபிஐ" என்று அட்டை தொங்கியதும் நினைவிருக்கும். சபைக்கு அந்த வரி பொருந்தாவிட்டாலும், தனிநபர் கணக்கில் குவியும் சிறு சிறு வரவுகள் கண்ணில் படாமல் போவதில்லை.

சபைக் கணக்குக்கு வங்கியிலேயே கியூஆர் கோடு கேட்டு வாங்கி ஹாலில் ஒட்டுங்கள். அனுப்புபவர்கள் குறிப்பில் "தச", "கட்டட", "உதவி" என்று ஒரு சொல் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் "பிரதர், அந்த ஆயிரம் எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், சபைக் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போடும் பழக்கத்தை முதல் வாரமே அன்பாகத் தடுத்துவிடுங்கள். அதுவும் பெயர் வாசிப்பதுதான்.

செலவு செய்யும்போது

வவுச்சர் இல்லாமல் செலவு இல்லை. ஆட்டோவுக்கு ரசீது கிடைக்காது, பரவாயில்லை, யார் எதற்கு எங்கே போனார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரி விலக்குக் கணக்கில் அந்தச் செலவு ஏற்கப்படாது. பந்தல்காரர், சமையல்காரர் இருவரும் ரொக்கம்தான் கேட்பார்கள். வங்கி வழியாகவே கொடுங்கள். அதேபோல ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, கட்டட நிதியானாலும்.

பெங்களூருவில் ஹால் வாடகைக்கு எடுத்தால் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது வழக்கம். மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று போய்விடும். பல சபைக் கணக்குகளில் அதைச் செலவு என்று எழுதி மறந்துவிடுகிறார்கள். அது செலவே அல்ல, வீட்டுக்காரரிடம் இருக்கும் சபைப் பணம். ஒவ்வொரு ஆண்டுக் கணக்கிலும் அது சொத்துப் பக்கத்தில் வரவேண்டும். இல்லையென்றால் ஆறு வருடம் கழித்து ஹாலைக் காலி செய்யும்போது எவ்வளவு திரும்ப வரவேண்டும் என்று யாருக்கும் தெரியாது, பெயின்ட் அடித்த கணக்கை வீட்டுக்காரர் சொல்வதுதான் கணக்காகிவிடும். வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால் டிடிஎஸ் (வாடகையிலேயே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) 10 சதவீதம் பிடித்துக் கட்டவேண்டும், அதற்கு வரித்துறையிடம் டான் (TAN) எண் வாங்கவேண்டும்.

மீதிப் பணத்தை வைப்பதில் கவனம். சீட்டுக் கட்டுவது (சிட் ஃபண்ட்) வேண்டாம். உறுப்பினருக்கு வட்டிக்குக் கொடுப்பதும் வேண்டாம், வட்டியில்லாமல் கொடுப்பதும் வேண்டாம். வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளையின் பணத்தை வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரங்கள் போன்று சட்டம் சொல்லும் வழிகளில்தான் வைக்கலாம். நிர்வாகிகளுக்கு ஆதாயமாகப் பணம் போனால் அந்தத் தொகைக்கு வரி விலக்கு கிடைக்காது. "ரெண்டு மாசத்துல திருப்பிடுவேன் பிரதர்" என்று கேட்பவர் உங்கள் நண்பராகத்தான் இருப்பார். தீர்மானத்தைக் காட்டிவிடுங்கள், முகத்தைப் பார்த்து மறுப்பதைவிட அது சுலபம்.

முதல் பட்ஜெட்

முதல் மூன்று மாதம் வரவையும் செலவையும் பாருங்கள், பிறகு பட்ஜெட் போடுங்கள். கற்பனையாக ஒரு சபை, மாதம் 1,20,000 ரூபாய் வரவு என்று வைத்துக்கொள்வோம். ஹால் வாடகை 32,000. போதகர் ஊதியம் 35,000. மின்சாரம், சுத்தம், ஒலிபெருக்கி பராமரிப்பு 6,000. உதவி நிதி 12,000. சபைக்கு வெளியே கொடுப்பது 12,000. ஞாயிறு பள்ளியும் வாலிபரும் 5,000. பண்டிகை, சிறப்புக் கூட்டம் 8,000. சேமிப்பு 10,000.

எழுதியதும் கொள்கைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "ஏழைகளை நினைக்கும் சபை" என்று எழுதிவிட்டு உதவி நிதி ஸ்பீக்கர் பராமரிப்பைவிடக் குறைவாக இருந்தால், இரண்டில் ஒன்றைத் திருத்தவேண்டும். கமிட்டிக் கூட்டத்தில் இதைச் சொல்வது உங்கள் வேலைதான். மற்றவர்கள் பாடல், பிரசங்கம், பந்தல் என்று பேசுவார்கள், எண்ணைப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

சேமிப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு: மே மாதமும் கிறிஸ்துமஸ் வாரமும் பாதிச் சபை ஊருக்குப் போய்விடும். நாசரேத், மெஞ்ஞானபுரம், மார்த்தாண்டம் என்று ரயில் ஏறிவிடுவார்கள், அங்கே சொந்தச் சபைக்கும் சந்தா, அசனப் (சபைப் பொது விருந்து) பங்கு என்று கொடுப்பார்கள். அதைக் குறை சொல்லாதீர்கள், அவர்கள் வேர் அங்கே இருக்கிறது. மூன்று மாத வாடகையும் ஊதியமும் கையிருப்பில் இருந்தால் இந்தக் காலத்தைக் கடக்கலாம்.

போதகர் ஊதியத்தைக் கமிட்டி முடிவு செய்து, மாதம் ஒரு தேதியில் வங்கியில் போடவேண்டும். "விசுவாச ஊழியம்தானே, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி வந்ததைக் கொடுக்கும் சபைகள் உண்டு. அப்படி விட்டால் போதகர் காணிக்கையை நம்பியே பிரசங்கிக்க வேண்டியிருக்கும், அது அவருக்கும் நல்லதல்ல, கேட்பவர்களுக்கும் நல்லதல்ல. வீட்டு ஜெபத்துக்குப் போகும்போது குடும்பத்தார் அவர் கையில் கொடுக்கும் கவர் அவருடையதா, சபையுடையதா என்பதையும் முன்கூட்டியே பேசி எழுதிவிடுங்கள். இதில் எந்த முடிவும் தப்பில்லை, முடிவே இல்லாமல் இருப்பதுதான் சண்டையில் முடியும்.

உதவி நிதி

இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுங்கள்: போதகர், ஒரு மூப்பர். பணத்தை முடிந்தவரை தேவை இருக்கும் இடத்துக்கே கட்டுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு குடும்பம் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கவேண்டியிருக்கிறது என்று வையுங்கள். லாட்ஜ் வாடகையை நேரடியாகக் கட்டலாம், மருந்துக் கடையில் பில்லைக் கட்டலாம். ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது என்றில்லை, சாப்பாட்டுக்குப் பணம் கையில் வேண்டும்தான். ஆனால் கட்டிய பில் இருந்தால் கணக்கு தானாகவே பேசும், உதவி பெற்றவரிடம் போய் விளக்கம் கேட்கவேண்டியதில்லை.

கணக்குப் புத்தகத்தில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். பெயர்கள் உள்ள நோட்டு போதகரிடம் பூட்டில் இருக்கட்டும், ஆடிட்டர் கேட்டால் மட்டும் காட்டலாம். ஆண்டறிக்கையில் "11 குடும்பங்களுக்கு மருத்துவ உதவி" என்ற அளவில் வந்தால் போதும்.

வெளிநாட்டிலிருந்து வரும் அன்பு

சபையில் வளர்ந்து அமெரிக்கா போன தம்பி கட்டட நிதிக்கு ஒரு லட்சம் அனுப்புகிறேன் என்பார். சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி: பாஸ்போர்ட் எந்த நாடு? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கமுடியாது. அவர் லீவில் வந்து ரூபாய் நோட்டாகவே கொடுத்தாலும் அதே விதி.

அந்தப் பதிவு வாங்க மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் பணம் டெல்லி சன்சத் மார்க் ஸ்டேட் பேங்க் கிளையில் திறக்கும் கணக்குக்குத்தான் முதலில் வரவேண்டும். பதிவு உள்ள இன்னொரு நிறுவனம் "எங்கள் வழியாக வாங்கித் தருகிறோம்" என்றால் நம்பாதீர்கள், 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படிக் கைமாற்றுவது தடை. முப்பது குடும்பச் சபைக்கு இந்த வழியே வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அறுப்பின் பண்டிகை ஏலம்

சபையார் கொண்டுவரும் காய்கறி, கோழி போன்றவற்றை ஏலம் விட்டுப் பணமாக்கும் நாள்; வேடிக்கையும் வரவும் சேர்ந்து வரும் நாள் இது. கே.ஆர். மார்க்கெட்டில் நாற்பது ரூபாய்க்கு வாங்கிய பூசணிக்காய் இங்கே இரண்டாயிரத்துக்குப் போகும். எடுத்தவரே "மறுபடி ஏலம் விடுங்க" என்று திருப்பிக் கொடுப்பார், இன்னொருவர் ஆயிரத்து ஐந்நூறுக்கு எடுப்பார். ஒரு சேவல் மூன்று கை மாறும். சிக்கல் அடுத்த வாரம் வரும்: "பணம் அப்புறம் தரேன்" என்றவர்களின் பட்டியல் யாரிடமும் இருக்காது.

ஏலம் கூறுபவர் பக்கத்தில் ஒருவரை நோட்டோடு உட்காரவையுங்கள். பொருள், எடுத்தவர், தொகை, கட்டியாயிற்றா என்று நான்கு பத்தி. மறு ஏலத்தைத் தனி வரியாக எழுதவேண்டும், முதலில் எடுத்தவரும் கட்டவேண்டியவர்தான். பாக்கியைக் கேட்க ஒரு மாதம் பொறுங்கள், தனியாகக் கேளுங்கள். அதற்குப் பிறகும் வராததைக் கமிட்டியில் சொல்லித் தள்ளுபடி செய்துவிடுங்கள். கிறிஸ்துமஸ்வரை துரத்திக்கொண்டு போனால் கிடைக்கும் ஐந்நூறைவிட ஒரு குடும்பத்தை இழப்பது பெரிது.

மார்ச் 31-க்கும் அதற்குப் பிறகும்

மாதாமாதம் வங்கிக் கணக்கறிக்கையை உங்கள் புத்தகத்தோடு ஒப்பிட்டு வந்திருந்தால் வருடக் கடைசி சுலபம். ஒவ்வொரு நிதிக்கும் தனியாக இருப்பு காட்டுங்கள். வங்கியில் ஐந்து லட்சம் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் சபை புது ஏசி கேட்கும். அதில் நாலேகால் லட்சம் கட்டட நிதி என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஆடிட்டர் சபை உறுப்பினராக இல்லாமல் இருப்பது நல்லது. ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பக்க அறிக்கையைத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். கூட்டத்தன்று முதல்முறையாகப் பார்ப்பவர்களால் கேள்வி கேட்கமுடியாது. கேள்வி கேட்பவரைச் சங்கடமாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நீங்களே எழுந்து, "போன வருஷத்தைவிட மின்சாரச் செலவு ஏன் கூடியது என்று யாரும் கேட்கவில்லையே" என்று தொடங்கிவையுங்கள். அடுத்த கேள்வி தானாக வரும்.

மூன்று வருடத்துக்கு மேல் இந்தப் பொறுப்பில் இருக்கவேண்டாம். கடைசி வருடத்தில் ஓர் இளையவரைக் கூட வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் காட்டிக்கொடுங்கள். கைமாற்றும் நாளில் முதல் வாரம் எழுதிய அதே தாளை மறுபடி எழுதி மூவர் கையெழுத்திடுங்கள். பத்திரங்கள், பான் அட்டை, செக் புத்தகம், வரித்துறை தளத்தின் பாஸ்வேர்டு எல்லாம் போய்ச் சேர்ந்தனவா என்று பாருங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றினால் மட்டும் போதாது, பதிவு செய்த போன் எண்ணையும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் புதியவர் பணம் அனுப்ப உட்காரும்போதெல்லாம் ஓடிபி உங்கள் போனுக்கே வந்துகொண்டிருக்கும்.